சேறு படாத சட்டை

மழையில் வண்டி ஓட்டுவது எப்படி என்று தேவேந்திரனிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுவார். மாமல்லபுரத்தில் அவருக்கு ஒரு மோட்டார் ரிப்பேர் கடை. மழை நாளில் முதுகெல்லாம் சேறாக யாராவது வந்து நின்றால் போதும், மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"தண்ணி நின்னா அத்த கீறிகினு போவக் கூடாதுப்பா. லாரி சக்கரம் போன தடத்துலயே போணும். என்னியப் பாரு, எப்பவும் வெள்ளச் சட்டதான். ஒரு பொட்டு பட்டுக் கீதா?"

படவில்லைதான். அதிலும் வேடிக்கை, அவருடைய பழைய யமஹாவுக்குப் பின்பக்க மட்கார்டு பாதிதான் உண்டு. வாங்கிய புதிதில், இளவட்டத் திமிரில், "பால்காரன் வண்டி மாதிரி கீது" என்று இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடால் மீதியை அறுத்துப் போட்டவர் அவரேதான். அந்த மழைக்காலம் முழுக்கச் சட்டை முதுகில் காலர் வரைக்கும் சேற்றுக்கோடு. துவைத்துத் துவைத்து அவருடைய அம்மாவுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. அடுத்த வருஷம் பூவாயியைக் கட்டிக்கொண்டார். அதோடு சேறும் நின்றது. குடும்பஸ்தன் ஆனதும் நிதானம் வந்துவிட்டது, ஓட்டத் தெரிந்துகொண்டோம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார்.

பூவாயிக்கும் மாமல்லபுரத்தில்தான் வேலை. ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்வாள். காலையில் புதுப்பட்டினத்து வீட்டிலிருந்து இருவரும் ஒரே வண்டியில் கிளம்புவார்கள். ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலைக் காற்றில் அவள் பேசுவதில் பாதி காதில் விழாது. "இன்னா?" என்று கத்துவார். "ஒண்ணுமில்ல, ரோட்டப் பாத்து ஓட்டு" என்பாள். என்ன சொல்ல வந்தாளோ, அது கடல் பக்கம் போய்விடும். அந்தப் பயணத்தைப் போலச் சுகமான நேரம் அவருக்கு நாளில் வேறு கிடையாது. ஓட்டலின் பின்வாசலில் இறங்கியதும் யூனிஃபார்ம் மாற்ற ஓடிவிடுவாள். சாயங்காலம் வீடு வந்ததும் நேராகக் குழாயடி.

மழைக்காலம் முழுக்கக் காப்பித்தூள் நிறத்தில் இரண்டே புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டுவாள். "வேற பொடவையே இல்லியா உன்னாண்ட?" என்று கேலி செய்வார். தீபாவளிக்கு ஆசையாக எடுத்துக் கொடுத்த சந்தன நிறப் புடவையைக்கூடத் தை பிறந்த பிறகுதான் வண்டியில் கட்டிக்கொண்டு வந்தாள். அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

போன பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது மகன் ஹேமந்தின் கல்யாணப் பேச்சு. மறைமலை நகர்க் கம்பெனியில் கூட வேலை செய்யும் சங்கவியை அவனுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனை. கருங்குழிப் பெண். அப்பா ஆனந்தன் சரி என்றுவிட்டார். அம்மா விஜயகுமாரிதான் இழுத்துப் பிடித்தாள். பொம்பளை இல்லாத வீட்டுக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்பது அவள் கவலை. பையனின் அப்பா முதலில் தனியாக வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். ஹேமந்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"நைனா, எல்லாம் உன் கையிலதான் கீது. வண்டி ஓட்ற கதைய மட்டும் அங்க ஆரம்பிச்சிடாத" என்று கெஞ்சி அனுப்பினான்.

ஐப்பசியின் முதல் பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது. வானம் வெளுத்துவிட்டதால் ரெயின்கோட்டை எடுக்கவில்லை. ரோட்டில்தான் தண்ணீர். தானே தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, திருக்கழுக்குன்றம் தாண்டிக் கருங்குழி வரைக்கும், கற்ற வித்தையெல்லாம் காட்டி லாரித் தடத்திலேயே ஓட்டிப்போனார்.

"வாங்கண்ணே" என்று ஆனந்தன் வாசலில் கைகூப்பினார். செருப்பைக் கழற்ற தேவேந்திரன் திரும்பிக் குனிந்தார். உள்ளேயிருந்து வந்த விஜயகுமாரி அப்படியே நின்றாள்.

"அண்ணே, முதுவுல இன்னா இவ்ளோ சேறு?"

கையைப் பின்னால் விட்டுத் தடவினார். விரலெல்லாம் செம்மண். காலர் வரைக்கும் இருந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடு என்பதை முதுகில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தது போல ஆகிவிட்டதே என்று கூசிப்போனார்.

"இல்லம்மா, என் மேல படவே படாது. இத்தினி வருசத்துல பட்டதே இல்ல. இன்னிக்கி இன்னாமோ..."

விஜயகுமாரி வெளியே நின்ற வண்டியை எட்டிப் பார்த்தாள்.

"எப்பவும் இந்த வண்டிதானா?"

"ஆமாம்மா."

"அக்கா பின்னால குந்திகினு வருவாங்களா?"

"தெனமும். மாமல்லபுரம் வரிக்கும்."

"அப்புறம் எப்டிண்ணே உங்க மேல படும்? எல்லாம் அவங்க முதுவுலதான பட்டிருக்கும்."

தேவேந்திரன் அங்கிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். காப்பித்தூள் புடவை, பின்வாசலில் ஓடிய ஓட்டம், தை வரைக்கும் பெட்டியில் கிடந்த சந்தன நிறம் எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. சம்பந்தம் பேச வந்த வீடு என்பதும் மறந்து, சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார்.

"நான் நல்லா ஓட்றேன்னு நெனச்சிகினு இருந்தேம்மா. ஊரெல்லாம் பீத்திகினு இருந்தேன். அவளும் கேட்டுகினுதான் இருந்தா. ஒரு வார்த்த சொல்லலியே."

ஆனந்தன் சங்கடத்தோடு ஒரு துண்டை நீட்டினார். உள்ளறைக் கதவோரம் சங்கவி நின்றுகொண்டிருந்தாள். விஜயகுமாரி அவளை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தேவேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"சங்கவிய எறக்கி வுட வந்தப்ப உங்க புள்ள வண்டியயும் பாத்தேண்ணே. பின்னால வாலத் தூக்கிகினு நிக்குது. இவளும் வாயத் தொறந்து ஒண்ணு கேக்கற பொண்ணு இல்ல. அதான் நானே கேட்டுட்றேன். தாலி கட்றதுக்கு முன்னாடி அதுக்கு நல்லதா ஒரு மட்கார்டு போட்டுடணும்."

"அப்ப சரின்னு சொல்றியா?" என்றார் ஆனந்தன்.

"வேற இன்னா சொல்லிகினு கீறேன்? போய் அண்ணனுக்கு ஒரு சட்ட எடுத்துகினு வா."

"மட்கார்ட நானே என் கையால போட்றேம்மா" என்றார் தேவேந்திரன்.

காப்பி குடித்து, நாள் பார்ப்பது பற்றிப் பேசி எழுந்தபோது மழை மறுபடியும் தூறிவிட்டு நின்றிருந்தது. ஆனந்தன் கொடுத்த காய்ந்த சட்டையைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். சேறான வெள்ளைச் சட்டையோடேயே வண்டியை எடுத்தார். வழியெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. முதுகில் சேறு தெறிக்கத் தெறிக்க, எந்த இடத்திலும் அவர் ஒதுங்கிப் போகவில்லை.