அரைச் சுற்று

கோவில்பதாகையில் எங்கள் தெருமுனையில்தான் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. யார் எப்போது போகிறார்கள், வருகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வேண்டாத வேலைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டா துணி தேய்க்க முடியும்?

எங்கள் தெரு சரவணக்குமாரின் பைக் வருவதைப் பார்க்கவே வேண்டாம், காது போதும். அதன் இன்ஜினுக்குள் ஓடும் கேம் செயினைத் தானாக இறுக்கும் பாகம் கெட்டுப்போக, போல்ட்டைக் கையால் திருகி இறுக்கும் டென்ஷனரை வாங்கி மாட்டினான். மாட்டியதோடு சரி. ஒரு நாளும் திருகியதில்லை, அப்படியொரு சோம்பேறி. செயின் தளர்ந்து ஆட, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல் கடகடவென்று வருவான்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அவன் அப்பா கங்காதரனுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. மகன் செத்துப்போனதைச் சொன்னால் கதறுவார். தூங்கி எழுந்ததும் அவன் எங்கே என்பார். திரும்பச் சொன்னால் திரும்பக் கதறுவார். மருமகள் தேவிப்பிரியா சொல்வதையே விட்டுவிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலைக்கு அவள் அந்த பைக்கில்தான் போய்வந்தாள். பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டி என்று பேசிய வாய்களும் எங்கள் தெருவில் உண்டு. அவர்களா இவளுக்குச் சோறு போடப் போகிறார்கள்? சாயங்காலம் கடகட சத்தம் கேட்டதும், பையன் வந்துவிட்டான் என்று கிழவர் தட்டின் முன்னால் உட்காருவார். உங்க பையன் குளிக்கிறார் என்று இவள் சொல்வாள். கிழவர் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்.

ஒரு நாள் மெக்கானிக் இருதயராஜ் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திட்டினார். செயின் பல் தாண்டினால் இன்ஜினே காலி, நடுரோட்டில் நிற்பாய் என்று சொல்லி, போல்ட்டைத் திருகி இறுக்கிவிட்டார். சத்தம் நின்றது. அன்றைக்குக் கிழவர் சாப்பிடவில்லை. பையன் வரட்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே.

அதன் பிறகு தேவிப்பிரியா ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் என் வண்டியருகே நிறுத்துவாள். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை அரைச் சுற்று வெளியே திருப்புவாள். சூடான இன்ஜினில் எத்தனையோ தடவை விரலைச் சுட்டுக்கொண்டாள். கடகடவென்று வீடுவரை போவாள். காலையில் மறுபடி இறுக்கிக்கொண்டு வேலைக்குப் புறப்படுவாள். புருஷனை நினைத்து அழ அவளுக்கு வாய்க்கவே இல்லை. அழுதால் கிழவர் ஏன் என்று கேட்பாரே.

தை மாதம் கங்காதரன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், பைக்கைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு இத்த டைட் பண்ணிடுவேன். அப்பால சத்தம் வராது. அதுக்கு முன்ன ஒருவாட்டி நீங்க ஊடு வரிக்கும் ஓட்டிக்கினு வாங்க."

"இன்னாத்துக்கும்மா?"

"மாமா தெனம் கேட்டாரு. நான் வண்டி மேலயே குந்திகினு இருந்தேன். எங்க ஊட்டுக்காரரு போனதுலேர்ந்து, இது வாசலுக்கு வர்றத உள்ள இருந்து நான் கேக்கவே இல்லண்ணே."

அவள் வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு ஸ்டார்ட் செய்து, அவன் வருகிற மாதிரியே மெதுவாக ஓட்டிப்போய் வாசலில் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் அணைத்தேன்.

உள்ளேயிருந்து, "வந்துட்டீங்களா?" என்றாள். அப்புறம்தான் அந்த அழுகை வந்தது.