தொட்டிலுக்குப் பின்னால் இருந்த எழுத்து

அந்த மாதத்து சேலஞ்சுக்கு ஒரே விதி: கடைக்குப் போகக் கூடாது. பெட்டியில் ஏற்கெனவே கிடப்பதை வைத்துத்தான் பக்கம் செய்ய வேண்டும். அதிலும் மூன்று பொருள்களாவது மூன்று வருடத்துக்கு மேல் பழையவையாக இருக்க வேண்டும். தலைப்பு, ‘வரப்போகிறவர்’.

படங்களையும் பழைய தாள்களையும் வெட்டி ஒட்டி ஆல்பப் பக்கம் செய்யும் எங்கள் ஸ்கிராப்புக் குழு வாட்ஸப்பில் மட்டும் இருக்கிறது. சென்னை, கோவை, பெங்களூர் என்று பல ஊர்ப் பெண்கள். சித்தூரிலிருந்து நான் ஒருத்தி. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. மாதம் ஒரு சேலஞ்ச் அறிவிப்பார்கள், மாதக் கடைசிக்குள் பக்கத்தைப் படம் பிடித்துப் போட வேண்டும். மற்றவர்களிடம் பளபளப்பான வெளிநாட்டுத் தாள்கள் இருக்கும். என் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள். நிறம் பார்த்துப் பிரித்து, கட்டுக்கட்டாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் ஒரு கட்டு, குங்குமச் சிவப்பு ஒரு கட்டு, சந்தன நிறம் ஒரு கட்டு. இவை தவிர, தையல் கடையில் மிஞ்சிய ஜரிகைத் துண்டுகள், உதிர்ந்த சம்கி, பசை காய்ந்துபோன ஸ்டிக்கர் தாள்கள்.

தலைப்பைப் படித்ததும் எனக்குத் தங்கையைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை, இரண்டுமே மூன்றாம் மாதத்தில், கலைந்துபோனது. அதனால் இந்த முறை வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் பேசுவதில்லை. யாராவது விசாரித்தால் “நல்லா கீறா” என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு சொல் பேசினாலும் கை தவறிப் பாத்திரத்தைப் போட்டுவிடுவோம் என்பதுபோல.

சீமந்தத்துக்குப் புடவை எடுக்கப் போன அன்று கடைக் கண்ணாடி முன்னால் அவள் சிரித்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. குங்குமச் சிவப்பு அட்டைகளை ஒட்டி அடித்தளம் போட்டேன். ஓரத்தில் ஜரிகை. நடுவில் சந்தன நிற அட்டையில் ஒரு தொட்டில் வெட்டி, அதற்குச் சற்று மேலே படம். அந்த அட்டையின் வெளிப்பக்கத்தில் நூல் மாதிரி ஒரு தங்கக் கோடு ஓடியது. அது சரியாகத் தொட்டிலின் விளிம்பில் வரும்படி வெட்டியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பழைய பத்திரிகை என்றால் உள்பக்கம் எழுத்து இருக்கத்தான் செய்யும். ஒட்டும்போது அது மறைந்துவிடும் என்பதால் நான் திருப்பிப் பார்ப்பதில்லை.

நான்கு சாயங்காலத்தில் முடித்தேன். படம் பிடித்துக் குழுவில் போட்டேன், இதயங்களாக வந்து குவிந்தன. பக்கத்துக்குச் சட்டம் போட்டு, சீமந்தத்தன்று, ஞாயிற்றுக்கிழமை, தங்கையிடம் கொடுத்தேன். அவள் மாமியார் வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிவிட்டு, படுக்கையறையில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அன்றைக்கே மாட்டச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்து முடித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் நோட்டில் குறிப்பு எழுதுவேன்: எந்தக் கிழமை தொடங்கியது, எந்தக் கிழமை முடிந்தது, எந்தத் துண்டு யார் வீட்டுப் பத்திரிகை. சீமந்த அலைச்சலில் இந்தக் குறிப்பு மூன்று நாள் தள்ளிப்போய், புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன் எழுத உட்கார்ந்தேன். சிவப்பு அட்டைகள் யாருடையவை என்று தெரிந்தது. சந்தன நிறம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. வெட்டி மிஞ்சியதைப் போட்டுவைக்கும் கவரிலிருந்து அதன் மிச்சத்தை எடுத்துத் திருப்பினேன். தெலுங்கு எழுத்தில் ‘பெத்த கர்ம’ என்று இருந்தது.

அது நைனாவின், எங்கள் அப்பாவின், கருமாதிப் பத்திரிகை.

எங்கள் பக்கத்தில் கருமாதிப் பத்திரிகையை வாசலில் நின்றே படித்துவிட்டு, தேதியை மனத்தில் வாங்கிக்கொண்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. இப்படிக் கிழித்துக் கிழித்தே எங்கள் சொந்தத்தில் யார் என்றைக்கு இறந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. கல்யாண நாள்கள் எல்லாம் இருக்கின்றன, சாவு நாள் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு வெகு நாளாக உறுத்திக்கொண்டிருந்ததால், நான்கு வருடத்துக்கு முன்பு நைனா இறந்தபோது யாருக்கும் தெரியாமல் ஒரு பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டேன். நடுவில் மடித்த அட்டை; உள்ளே இடப்பக்கம் தெலுங்கு, வலப்பக்கம் தமிழ். இப்போதெல்லாம் கருமாதிக்கும் கல்யாணத்துக்கு அடிப்பதுபோலத் தங்கக் கோடு போட்டே அடிக்கிறார்கள். தேதி இருந்த கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி டைரியில் ஒட்டினேன். மீதி அட்டை நல்ல கனமாக இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. நானேதான் அதைச் சந்தன நிறக் கட்டில் செருகியிருக்க வேண்டும். வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை.

தெலுங்குப் பாதி என் கையில் இருந்தது. தமிழ்ப் பாதி தொட்டிலாகி, தங்கை தினமும் கண் விழித்ததும் பார்க்கும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று நூலகத்தில், நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன், திருப்பி வந்த புத்தகங்களை வேறு வேறு அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி தேடிக்கொண்டிருந்தேன். அட்டைக்கும் கருவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படி இருப்பதாகச் சொல்லும் புத்தகங்களையும் இல்லை என்று சொல்லும் புத்தகங்களையும் போதுமான அளவு படித்தவள் நான். ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வியாழக்கிழமை தங்கைக்கு இரண்டு முறை போன் செய்து, பேச ஒன்றும் இல்லாமல் வெயிலைப் பற்றிப் பேசினேன். வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் போனை எடுக்காமல் இரண்டு நொடி நின்றேன். தக்காளித் தொக்குக்கு உப்பு எப்போது போடுவது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். போய், யாருக்கும் தெரியாமல் தொட்டிலை மாற்றிவிடுவது. சந்தன நிறக் கட்டிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, இந்த முறை முன்னும் பின்னும் மூன்று தடவை படித்து, கல்யாணம்தான் என்று உறுதி செய்துகொண்டு, அதே அளவில் ஒரு தொட்டில் வெட்டினேன். ஞாயிறு காலை பஸ் ஏறினேன். வழியில், பாகாலாவில், பஸ் பத்து நிமிடம் நின்றது. என்னால் அந்தப் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. இறங்கி, ஒன்றும் வாங்காமல், திரும்ப ஏறினேன்.

கதவைத் திறந்த மாமியார் சிரித்தார். “வாம்மா. போன வாரந்தான வந்துக்கினு போன? எங்கூட்டுச் சாம்பார் வாசன சித்தூர் வரைக்கும் வந்துச்சா?”

“அந்தப் பக்கத்துல தேதி போட மறந்துட்டேன் அத்த. போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது நம்பக்கூடிய காரணம்தான். தங்கை கட்டிலில் சாய்ந்தபடியே குரல் கொடுத்தாள்: “ஒரு தேதிக்காவ ரெண்டு மணி நேரம் பஸ்ல குலுங்கிக்கினு வந்தியாக்கா? சொல்லியிருந்தா நானே எழுதிக்குவேன் இல்ல?”

“உன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்.”

“பாருங்க அத்த. கொழந்த பொறந்தா மூஞ்சியப் பாக்க மாட்டா இவ. மொதல்ல கடியாரத்தப் பாப்பா.”

“பாக்கட்டும்டி. ஜாதகம் எழுத டைமு கரெக்டா வேணும் இல்ல?” என்றார் மாமியார்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்த பிறகு வேலையை முடிப்பதாகத் திட்டம். ஆனால் மாமியார் படுக்கவில்லை. நான் சட்டத்தைக் கழற்றிப் பக்கத்தை மேசையில் வைத்ததும், வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கையும் எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பின்வாங்க வழி இல்லை. ஒட்டியதைக் கிழிக்காமல் எடுக்க, தையல் நூலை அடியில் கொடுத்து ரம்பம் மாதிரி இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். இழுத்தேன். தொட்டில் விட்டு வந்தது. அதை உள்ளங்கையில் மறைப்பதற்குள் மின்விசிறிக் காற்று தூக்கிக்கொண்டு போய் மாமியார் காலடியில் போட்டது. எழுத்து மேலே பார்த்தபடி விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாமா இது, பின்னாடி எழுத்துக் கீது? தமிழா? எனக்கு இதுல அ, ஆ கூடத் தெரியாது. நம்ம படிச்சது பூரா தெலுகு மீடியம்.” வீட்டில் பேசுவது தமிழ்தான், படிப்பது தெலுங்கு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அட்டையைத் தங்கையிடம் நீட்டினார். “நீ படிடி, இன்னான்னு.”

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ‘எங்கள் அன்புத் தந்தையார்’ என்பது முழுசாக இருந்தது. ‘சிவலோகப் பத’ வரைக்கும் இருந்தது. அவள் கண் வரியின் கடைசி வரை போய், மறுபடி முதலுக்கு வந்ததைப் பார்த்தேன்.

“கல்யாணப் பத்திரிக அத்த” என்றாள். “பேரு பாதி அறுந்து போச்சு.”

“யாரு கல்யாணம்?”

“நைனா வழியில யாரோ.”

“அப்ப நல்லதுதான? எதுக்குப் பிரிக்கிற? நல்லாத்தான ஒட்டிக்கினு இருந்திச்சு.”

“கோணலா இருந்திச்சு அத்த” என்றேன்.

“உன் கண்ணுக்குத்தாம்மா கோணல்.” அடுப்பில் பால் வைத்த நினைவு வந்து அவர் எழுந்து போனார்.

தங்கை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “எப்பத் தெரியும்?”

“புதன்கிழம.”

“நாலு நாளு வச்சிக்கினு இருந்த இல்ல? இன்னும் ரெண்டு மாசம் வச்சிக்க முடியலியா?”

“உனக்குத் தெரியாம மாத்திடலாம்னுதான் வந்தேன்.”

“தெரியாம மாத்துற மூஞ்சியா இது? செருப்பக் கழட்டும்போதே எனக்குத் தெரியும், இன்னாவோ கீதுன்னு.”

“இதெல்லாம் ஒண்ணும் இல்லடி. வெறும் அட்டை.”

“அப்ப ஏன் வந்த?”

அவளுக்காக வந்ததாகத்தான் பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்த ரெண்டு தேதியும் எழுதி வச்சிக்கிற இல்ல?” என்று கேட்டாள். கலைந்துபோன அந்த இரண்டைத்தான் கேட்டாள்.

“ஆமா.”

“தெரியும். எனக்கு அதெல்லாம் மறந்து போச்சுன்னு நெனச்சிக்குவேன். அப்புறம், அக்கா நோட்டுல கீதேன்னு நெனப்பு வரும்.” அட்டையை என்னிடம் நீட்டினாள். “படிச்சாச்சு இல்ல? வா, கிழி. உள்ள வாணாம். வாசல்ல.”

அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தெருவில் வெயில் காய்ந்தது. எதிர் வீட்டில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். தொட்டிலை நடுவில் கிழித்தேன். கனமான அட்டை, நேராகக் கிழியவில்லை. பர்ஸில் கொண்டுவந்திருந்த தெலுங்குப் பாதியையும் எடுத்தேன். அதைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இதையும் தூக்கிக்கினு வந்துட்டியா? கிழி. இன்னும் சின்னதா. இன்னும்.”

நகத்தளவுக்கு வந்த பிறகுதான் விட்டாள். எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் போட்டோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வலிக்குதா?”

“ஒதைக்கிது” என்றாள். கேட்டை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, இந்தப் பயத்த நீதான எடுத்துக்கினு வந்த? நீயே எடுத்துக்கினு போ. எனக்கு வாணாம். பொறக்குற வரைக்கும் நீ பயந்துக்கினு இரு. தெனம் காலைல போன் பண்ணு. நான் நல்லா கீறேன்னு சொல்றேன். கேட்டுக்கினு வச்சிடு. வேற எதுவும் பேசாத.”

உள்ளே போய்ப் புதிய தொட்டிலை ஒட்டினேன். பாலோடு வந்த மாமியார் எட்டிப் பார்த்தார். “இப்பத்தான்மா கோணலா கீது.” உண்மைதான். அவசரமாக ஒட்டியதில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மறுபடி எடுத்து ஒட்டத் தெம்பில்லை. அப்படியே சட்டத்துக்குள் வைத்து மாட்டிவிட்டு, தேதி போடாமலே கிளம்பினேன். யாரும் கேட்கவில்லை.

குழுவில் அடுத்த சேலஞ்ச் வந்துவிட்டது. ஏதோ ரிப்பன் சம்பந்தமானது. நான் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. தினமும் ஆறரைக்கு எழுந்து, ஏழு மணி ஆவதற்காக வீட்டுக்குள் நடக்கிறேன். ஏழுக்குப் போன் செய்கிறேன். “நல்லா கீறேன்.” வைத்துவிடுகிறாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் சரியாக இருப்பேன். பிறகு மறுநாள் ஏழு மணி வரை, அவள் சொன்னபடியே, பயப்படும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். இன்று காலை போன் அடித்து ஓய்ந்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மாமியார் எண்ணைத் தேடும்போது விரல் வேறு வேறு பெயர்களில் போய் விழுந்தது. அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“குளிச்சிக்கினு இருந்தேன். பயந்துட்டியா?”

“ஆமா.”

“நல்லா பயப்படு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. நாளை ஏழு மணிக்குக் கேட்கலாம் என்றால், வேறு எதுவும் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.