செங்கல்லை விட்டு நடந்தவர்கள்

பூங்கா அமைப்பது என் பிழைப்பு. 'புல்லில் நடக்காதே' என்று பலகை வைக்கச் சொல்கிறவனிடம் நான் வேலை எடுப்பதில்லை. இதனால் நல்ல வேலைகள் சில கைவிட்டுப் போயிருக்கின்றன. போகட்டும். இந்தப் பிடிவாதத்தின் வேர் என் ஒன்பதாவது வயதில் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்துக்கு வெளியே, பெரிய அதிகாரிகள் வந்து தங்கும் பங்களா ஒன்று இருந்தது. அப்பா அங்கே தோட்டக்காரர். அம்மா வரப்புகளில் புல் அறுத்துக் கட்டாகக் கட்டி, மற்றப் பெண்களோடு தலையில் சுமந்துபோய், கடைத்தெருவில் வண்டி மாட்டுக்காரர்களிடம் விற்பாள். கழனியிலிருந்து ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை பங்களாவின் பின்புறம் நுழைந்து, வராந்தாப் படியை உரசிக்கொண்டு, நேராக முன்வாசலுக்குப் போகும். பங்களாவுக்கு முன்பே அந்தப் பாதை இருந்தது. பாதை மேல் பங்களா வந்ததே தவிர, பங்களாவுக்குள் பாதை வரவில்லை.

புதிதாக வந்த ஓவர்சியருக்கு இது பொறுக்கவில்லை. முன்பக்கம் முழுக்க அருகம்புல் வளர்க்கச் சொன்னார். ஓரமாகச் சுற்றி வர ஒரு செம்மண் பாதை போட்டார். நல்ல பாதைதான். யாருக்கும் அவசரம் இல்லாத ஊரில் போட்டிருக்கலாம். பெண்கள் பழைய வழியிலேயே நடந்தார்கள். புல்லுக்கு நடுவே காலடிகள் வரிசையாகச் சொட்டை விழுந்து கிடந்தன.

சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வரப்போவதாகச் சேதி வந்தது. ஓவர்சியர் அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஐயா வர்ற அன்னிக்கிப் புல்லுல ஒரு காலடி தெரிஞ்சுது, நீ ஜல்தியா மூட்டையக் கட்டிக்கினு போயிடு."

அப்பா வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து குறுக்கே போட்டார். அம்மா அதை அரிவாளால் தள்ளிவிட்டு நடந்தாள். வீட்டில் வெடித்தது.

"இன்னாமே, என் வேலை போனாத்தான் உனக்கு நிம்மதியா?"

"ஒரு கட்டுப் புல்லத் தலைல வச்சிக்கினு நீ ஒருவாட்டி சுத்திக்கினு வாய்யா. அப்புறம் முள்ளு போடு."

அதோடு பேச்சு நின்றது. பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பங்கிட்ட சொல்லு, கூழு ஆறுது" என்பாள் அம்மா. அவர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், வேலை போனால் கூழும் போகும் என்பதுதான். அதிகாரி வரவேண்டிய நாள் காலையில், அப்பாவுக்கு முன்னால் நான் பங்களாவுக்கு ஓடினேன். பின்கட்டில் உடைந்த செங்கற்கள் குவிந்து கிடந்தன. சுவருக்கு அடித்தது போக மீந்த சுண்ணாம்பும் இருந்தது. சொட்டை விழுந்த ஒவ்வொரு காலடியிலும் ஒரு செங்கல்லை வைத்துச் சுண்ணாம்பு பூசினேன். வழி என்று ஆகிவிட்டால் அது காலடி இல்லையே! ஒன்பது வயது மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

அப்பா வந்து பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார். அடிக்கக்கூட நேரமில்லை. முதல் செங்கல்லைத் தூக்கும்போதே கார் உள்ளே நுழைந்துவிட்டது.

இறங்கிய அதிகாரி செம்மண் பாதையைப் பார்த்தார்; செங்கல் வரிசையைப் பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல் கல்லாகப் பார்த்துக் கால்வைத்து நேராக வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

"இந்த வழி நல்லாருக்கே. யார் போட்டது?"

"நான்தாங்க போடச் சொன்னேன்" என்றார் ஓவர்சியர், மூச்சுவிடாமல்.

அப்பா கையில் செங்கல்லோடு நின்றுகொண்டிருந்தார்.

வேலை தப்பியது. பெரியவர் மெச்சிய வழியில் முள் போட ஓவர்சியருக்கே துணிச்சல் இல்லை. அம்மாவும் அப்பாவும் பேசத் தொடங்கினார்கள்.

மறுநாள் முன்வாசலில் காத்திருந்தேன். பெண்கள் புல்கட்டோடு வரிசையாக வந்தார்கள். ஒருத்திகூட என் செங்கல்லில் கால் வைக்கவில்லை. ஒரு சாண் தள்ளி, புல்லிலேயே நடந்தார்கள். என் அம்மாவும்தான்.

"அம்மா, கல்லு மேல நட!"

"போடி, நீயும் உன் கல்லும்" என்று அவள் சொல்ல, பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். கட்டு ஆடாமல் எப்படிச் சிரித்தார்களோ! எனக்கு வரவேண்டிய நல்ல பெயரை ஓவர்சியர் திருடியதைக்கூட மன்னித்திருப்பேன். அம்மா என் வழியை மதிக்கவில்லையே. அவர்கள் பேச ஆரம்பித்த வீட்டில் இரண்டு நாள் நான் பேசவில்லை. ஒரு வாரத்தில் செங்கல் வரிசைக்குப் பக்கத்தில் புதுச் சொட்டை ஒன்று விழுந்தது.

வருஷங்கள் கழித்து, விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தோட்டம்தான் நான் தனியாக எடுத்த முதல் வேலை. அழகாகக் கல் பாவி வழி போட்டிருந்தேன். அன்று கூலியாள் வரவில்லை. எருக்கூடையை நானே தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது கல்லில் கால்விரல் இடித்தது. குப்புற விழுந்தேன். தலையெல்லாம் எரு.

விழுந்து கிடந்தபோதுதான் உறைத்தது. தலையில் சுமை இருந்தால் குனிந்து பார்க்க முடியாது. அந்த அதிகாரி கல் கல்லாகப் பார்த்து வந்தார். அவர் தலைமேல் ஒன்றுமில்லை. அம்மாவின் காலுக்குத் தெரிந்ததெல்லாம் சமமான மண். அதில்தான் நான் மேடு மேடாகச் செங்கல்லை வைத்துவிட்டு, நட நட என்று கத்தியிருக்கிறேன்.

எழுந்து கடப்பாரையை எடுத்தேன். எல்லாக் கல்லையும் பெயர்த்து, மண்ணுக்கு மட்டமாகப் பதித்தேன். பிறகு எருக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கீழே பார்க்காமல் நடந்து பார்த்தேன்.