நானூறு அடியில் தண்ணீர்

என் குரலை முதன்முதலாகப் பதிவில் கேட்ட அன்று, இத்தனை வருடமாக அதைச் சகித்துக்கொண்ட பிள்ளைகளுக்கெல்லாம் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று தோன்றியது. பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலுமாக வரும் குரல் அது.

பாட்காஸ்ட் செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. ஏழாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்த ஒரு பெண்ணின் அப்பாதான் காரணம். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் தமிழ் மீடியம் பள்ளிக்குப் பக்கத்தில், எருத்தேன்பதியில் தோட்டம் வைத்திருப்பவர். பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், மலையாளம் மீடியத்துப் புள்ளைகளுக்கு டிவி, போனு எல்லாத்துலயும் பாடம் வருதுங்க. தமிழ்ல கேக்கலாம்னு கோயமுத்தூர்க்காரங்க பாடத்தப் போட்டா, அது வேற பொஸ்தகம். நம்ம புள்ளைகளுக்கு என்னங்க இருக்குது?"

வருடக் கடைசியில் டி.சி. வாங்கி மகளை மலையாளம் மீடியத்தில் சேர்க்கப்போவதாகவும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரே பெண் அவள். மற்றவர்கள், நான் "புரிஞ்சுதா?" என்று வாய் திறப்பதற்குள் "புரிஞ்சுதுங்க" என்று சொல்லி ஆளை அனுப்பிவைக்கிற ரகம். அவள் போனால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே தமிழ்ல பாடம் பேசிப் போடறனுங்க. கேட்டுப்போட்டு முடிவு பண்ணுங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். பாட்காஸ்ட் என்பது தின்பதா உடுத்துவதா என்று கூட எனக்கு அப்போது தெரியாது.

பாலக்காட்டில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். எதிரொலி இல்லாமல் பதிய வேண்டுமென்றால் துணிகளுக்கு நடுவில் பேசுங்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் துணி இருப்பது பீரோவில். தலையைப் புடவைகளுக்குள் விட்டுக்கொண்டு மண்ணின் அடுக்குகளைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் என் கணவர் வந்து நின்றார்.

"என்னாச்சு? எதுக்குப் பீரோவுக்குள்ள அழுகற?"

பாடம் நடத்துகிறேன் என்றேன். அவர் வெளியே போய் என் அண்ணனுக்குப் போன் செய்தார்.

இப்படி ஐந்து பாடம் தயாரித்து, ஸ்பீக்கரில் வைத்து வகுப்பில் போட்டேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டு பேர் மரியாதையாகத் தூங்கினார்கள். அந்தப் பெண் மட்டும் எழுந்து, "டீச்சர், இது நீங்க கிளாஸ்ல சொல்றதுதானுங்களே. நீங்கதான் இங்கயே நிக்கறீங்களே, நேர்லயே சொல்லலாமுங்களே?" என்றாள். நியாயமான கேள்வி. அன்று முழுக்க அவள்மேல் எனக்குக் கோபம்.

கோபம் ஆறியதும் புத்தி வந்தது. நான் பேசினால்தானே தூங்குகிறார்கள், அவர்களே பேசட்டும். நிலத்தடி நீர் பாடத்துக்கு அவரவர் வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் பதிந்து வரச் சொன்னேன். அந்தப் பெண் தன் அப்பாவைத்தான் பேட்டி எடுத்தாள். மறுநாள் வகுப்பில் போட்டோம்.

"வணக்கமுங்க அப்பா."

போனை நீட்டினால் எதிரே இருப்பது யாராக இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு மரியாதை வந்துவிடும். "வணக்கமுங்க, வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா?" என்று பெற்ற மகளைக் கேட்டார். சாப்பிட்டாயிற்றா, உங்கள் பக்கம் மழை உண்டா என்று வரிசையாக விசாரித்தார். "ஊட்ல அம்மாவெல்லாம் சௌக்கியமுங்களா?" என்றதும், தூரத்திலிருந்து ஒரு குரல், "நான் இங்கதான கெடக்கறேன், கண்ணு தெரியலயா?" என்றது. பதிலுக்கு மகளும் விட்டுக்கொடுக்காமல் ஆடு மாடு வரைக்கும் நலம் விசாரித்தாள். ஐந்து நிமிடம் முடிந்தது. தண்ணீர் என்ற சொல்லே வரவில்லை. வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது.

நலம் விசாரிப்பதை வாசலிலேயே முடித்துக்கொண்டு இன்னொரு முறை பதிந்து வா என்று அனுப்பினேன். இரண்டாவது பதிவில் நேராக விஷயத்துக்கு வந்தாள். நம்ம போர் எத்தனை அடி என்று கேட்டாள்.

"நானூறடிதானுங்க. தண்ணி அது பாட்டுக்கு வருது. உங்க காலத்துக்கும் வருமுங்க."

பதிவு முடிவதற்குள் அடுத்த தோட்டத்துப் பெண் எழுந்துவிட்டாள். "டீச்சர், எங்க போர் எண்ணூறடிங்க. வரப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படீங்க நானூறுல தண்ணி இருக்கும்?" வகுப்பே விழித்துக்கொண்டது. போர் போடுகிற லாரி அந்த அப்பாவின் தோட்டத்தில் மூன்று நாள் நின்றதை ஒருவன் சொன்னான். மழைநீர் எங்கே போகிறது, பாறை எங்கே தடுக்கிறது என்று ஆளுக்கொரு கேள்வி. பீரோவுக்குள் தலையை விட்டு என்னால் செய்ய முடியாத பாடம் தானாக நடந்தது.

அதை என்னால் ரசிக்க முடியவில்லை. பேட்டி எடுத்த பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவைப் பொய்யராக்கி எல்லார் முன்னாலும் நிறுத்தியது நான்தான். வெட்கமாக இருந்தது. டி.சி. இனி உறுதி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அவர் வந்து நின்றார். நானே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஆயிரத்து நூறடிங்க டீச்சர். அதுலயும் இப்பக் காத்துதான் வருது."

"அப்புறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புள்ள மொதத் தடவையா நம்மகிட்ட ஒரு கேள்வி கேக்குதுங்க. தண்ணி இல்லீன்னு சொல்ல வாய் வரலீங்க." துண்டைத் தோளில் போட்டார். "இன்னொருக்காக் கேக்கச் சொல்லுங்க. நெசத்தச் சொல்லிப்போடறேன்."

சரியென்று தலையாட்டினேன். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப டி.சி.ங்க?"

"நீங்க ஒண்ணுங்க டீச்சர், டி.சி. இனி எதுக்குங்க? புள்ள மலையாளத்துல கேக்க ஆரம்பிச்சா, எனக்கு அதுல பொய் கூடச் சொல்ல வராதுங்களே" என்றார்.