மதகடியில் விட்ட மீன்

அம்மா கார்த்திகை மழையில் இறந்தாள். தையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். இடையில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன். குளிக்கச் சொன்னால் குளித்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தம்பி மனைவி ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒருவாட்டி அழுதுடுங்க அண்ணி" என்றாள். சரி என்றேன். வரவில்லை.

அம்மா பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. நான் தனியார் பள்ளியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். தம்பிக்கு ஒரகடத்தில் ஷிப்ட்டு வேலை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் மேல் வைத்தான். நான்கு தங்கமீன்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீன். கடைக்காரர்கள் அதை டேங்க் கிளீனர் என்பார்கள்.

அம்மாவின் கண்கள் அந்த மீன்களோடு போய்வந்தன. தங்கமீன்கள் அவ்வப்போது செத்தன. அம்மா தூங்கும்போது எடுத்துவிட்டு அதே நிறத்தில் வேறு வாங்கி விட்டுவைப்போம். சக்கர் மட்டும் சாகவில்லை. கறுப்பும் பழுப்புமாக, உடம்பெல்லாம் கெட்டியான செதில்களாக, ஒரு சாண் அளவுக்கு வளர்ந்தது. நாள் முழுக்க வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அம்மா பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான் என்று நான் கவனித்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டிருந்தது. தங்கமீன்களை எதிர்வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். சக்கரை அவர்கள் வேண்டாம் என்றார்கள். வாங்கின கடையில் கேட்டேன். இவ்வளவு பெரிதானால் யாரும் வாங்க மாட்டார்கள், ஏதாவது குளத்தில் விட்டுவிடுங்கள் என்றார் கடைக்காரர்.

தம்பி மனைவிக்குப் பிறந்த வீடு தென்னேரி பக்கம். அந்த வாரம் நாங்கள் எல்லாரும் அங்கே போக வேண்டியிருந்தது. அவள் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள். நான் தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பெயிண்ட் வாளியில் மீனை வைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மடியில் பிடித்துக்கொண்டு போனேன். வாலாஜாபாத் தாண்டும்வரை மீன் வாளியை உள்ளேயிருந்து இடித்துக்கொண்டே வந்தது. அந்த வருடம் ஏரி நிரம்பியிருந்தது. கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டு மதகுப் படியில் இறங்கி வாளியைச் சாய்த்தேன். மீன் கடைசிப் படியில் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு இல்லை.

"பொழச்சிக்கும்கா" என்றான் தம்பி.

நான் விலங்கியல் படித்தவள். எம்.எஸ்சி. முதல் வருடத்தில் இதே மீனைப் பற்றி வகுப்பில் செமினார் எடுத்திருக்கிறேன். வெளிநாட்டு மீன், நம் ஏரியில் இதைத் தின்ன எதுவும் கிடையாது, நம் மீன்களின் முட்டையைத் தின்னும், மண்கரையில் வளை தோண்டும். எல்லாம் சொல்லி, கேள்விகளுக்குப் பதிலும் சொல்லியிருக்கிறேன். மீனைக் கொல்ல வேண்டுமென்றால் எப்படி என்றும் தெரியும். ஐஸ் தண்ணீர் போதும். வீட்டில் இன்னொரு உயிர் போவதைப் பார்க்க மனசு வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அதுகூட உண்மையில்லை. தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. காலி செய்தேன்.

வேலை, கூடப் படித்த ஒருத்தி சொல்லிக் கிடைத்தது. ஏனாத்தூர் போகும் வழியில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் சின்ன அலுவலகம். சுற்றுவட்டார ஏரிகளில் வெளியிலிருந்து வந்த செடி, மீன், நத்தை எவை இருக்கின்றன, அவற்றால் எவ்வளவு ஆபத்து என்று கணக்கெடுத்து அறிக்கை கொடுக்க வேண்டும். எங்களுக்கு மேலே இருந்தவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். முதல் நாளே படிவத்தைக் கொடுத்து விளக்கினார். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு படிவம். இந்தத் தட்பவெப்பத்தில் பிழைக்குமா, தானாகப் பெருகுமா, பரவ வழி இருக்கிறதா, இங்கே உள்ளவற்றைக் கெடுக்குமா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். ஆம், இல்லை, தெரியாது என்று பதில். பதிலுக்குப் பக்கத்தில் அதில் நமக்கு எவ்வளவு உறுதி என்று இன்னொரு கட்டம்: குறைவு, நடுத்தரம், அதிகம். அதற்கும் பக்கத்தில் ஆதாரம்.

"தெரியாதுன்னு எழுதறதுக்கு வெக்கப்படாதீங்க. தெரிஞ்ச மாதிரி எழுதறதுதான் தப்பு" என்றார்.

எனக்கு அந்தப் படிவம் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுகூட அதிகம். அது முன்னால் இருக்கும்போது நேரம் போனது.

ஏரிகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தென்னேரி கடைசிக்கு முன்னால் இருந்தது. பார்த்தேன். அடுத்த பெயரையும் பார்த்தேன். சாரிடம் எதுவும் சொல்லவில்லை.

மாசியில் ஒவ்வொரு ஏரியாகப் போனோம். ஆகாயத்தாமரை எங்கும் இருந்தது. நீளக் கழிகளால் சதுரம் போட்டு, அதற்குள் எத்தனை செடி என்று எண்ணி, பிடுங்கி எடை போடுவோம். ஒரு ஏரியில் தண்ணீர் முகமே தெரியவில்லை. கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டு ஊதாவாகப் பூத்திருந்தது. அவ்வழியே போன ஒரு பெண் நின்று, பூ நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டாள். மாடுகூடத் தின்னாது என்று நான் சொன்னதற்கு, மாடு தின்னாததால்தானே வேலிக்கு வைத்தோம் என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். முழங்காலளவு சேற்றில் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். வெயில் தலையில் இறங்குவது மாலை வீட்டுக்கு வந்து தலைவலித்தபிறகுதான் தெரியும்.

தென்னேரிக்குப் போன நாள் சாருக்குக் காய்ச்சல். மீன் பாகத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அங்கே வலை போடும் ஒருவரிடம் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். லாரி ட்யூப்பில் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டு போய் வலை கட்டுவார். நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி. வலையை இழுத்துக் கரையில் குவித்திருந்தார். நான் விட்ட மதகிலிருந்து நூறடிகூட இருக்காது.

வலையில் ஜிலேபிக் கெண்டை கொஞ்சம், ஒரு குரவை மீன். மற்றதெல்லாம் சக்கர். முதுகு முள்ளையும் பக்கத்து முள்ளையும் விறைத்துக்கொண்டு வலைக்கண்களில் சிக்கிக் கிடந்தன. இழுத்தால் நூல் அறுந்தது. அவர் கத்தியால் வலையையே அறுத்து அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததைக் கரைக்கு அந்தப் பக்கம் எறிந்தார். எறிந்தவை சாகாமல் புல்லில் கிடந்து வாயைத் திறந்து மூடின.

நான் என் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொன்றாக நீளம் பார்த்தேன், எடை போட்டேன். இரண்டை ஆய்வுக்காக ஐஸ் தண்ணீரில் போட்டுக் கொன்றேன். ஒன்றின் வயிற்றைக் கீறியபோது உள்ளே முழுக்க முட்டை. மஞ்சளாக, கடுகைவிடப் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கரண்டியால் வழித்து டப்பாவில் போட்டு லேபிள் எழுதினேன்.

பிறகு அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். இந்த மீனை முதலில் எப்போது பார்த்தீர்கள்?

மூன்று வருடம் இருக்கும் என்றார். முதலில் ஒன்று இரண்டு வந்தது, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். போன வருடத்திலிருந்து வலைக்குப் பாதி இதுதான். நன்றாக நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மறுபடியும் வேறு மாதிரி கேட்டேன். மூத்த மகள் கல்யாணத்துக்கு முந்தின கோடை, அதனால் மறக்காது என்றார். எழுதிக்கொண்டேன்.

நான் விட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. இவை நான் விட்ட மீனின் குஞ்சுகள் இல்லை. அது ஆணா பெண்ணா என்றுகூட நான் பார்த்ததில்லை. பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருந்தால்தானே இறங்கும். அடுத்த கேள்விக்குப் போனேன். இது ஏரிக்குள் எப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அவர் கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார். "வூட்ல கண்ணாடிப் பொட்டில வளக்கறாங்க இல்ல, பெருசானதும் சாவடிக்க மனசு வராது. கொண்டாந்து இங்க வுட்டுட்டுப் போறாங்க. கெட்டவங்க இல்லம்மா. பாவம் பாக்கறவங்கதான்."

"நானும் விட்டேன் அண்ணா" என்றேன். "மார்கழியில. அந்த மதகுகிட்ட."

சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

"நீ இத்தப் படிச்சவதான?"

"ஆமா."

"பின்ன ஏம்மா?"

அம்மா இறந்துவிட்டதையும், அவள் பார்த்துக்கொண்டிருந்த மீன் அது என்பதையும் சொன்னேன். பாடத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னேன். அவர் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு எத்தனை விட்டாய் என்று கேட்டார்.

"ஒன்னுதான்."

"ஒன்னு இன்னா பண்ணிடப் போவுது" என்றார். மறுபடி வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒரு மீனை விடுவித்தபிறகு, கோபமில்லாமல், தனக்கே சொல்வதுபோல் சொன்னார்: "ஆனா வுட்டவங்க எல்லாருமே ஒன்னுதான் வுட்டிருப்பாங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து வலையின் மறுமுனையை எடுத்தேன். வலையை அறுக்காமல் எடுக்க முடியுமா என்று பார்க்கலாம் என்றேன். மீனின் தலையைத் துணியால் அழுத்திப் பிடித்து, பக்க முள்ளை உடம்போடு மடக்கினால் சிலது வந்தன. அதிகம் வரவில்லை. பதினொரு மணி வரை அப்படி உட்கார்ந்திருந்தோம். ஒரு முள் என் கட்டைவிரலில் நன்றாக ஏறிவிட்டது. இரத்தம் படிவத்தில் விழுந்தபிறகுதான் பார்த்தேன். அவர் தன் தலைத்துண்டின் முனையைக் கிழித்துக் கட்டிவிட்டார். விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது.

போகும்போது ஏரிக்கரையில் அவர் காட்டின இடத்தைப் படம் எடுத்தேன். தண்ணீர் வற்றின மட்டத்தில் கை நுழையும் அளவுக்கு வளைகள், பக்கத்தில் பக்கத்தில். கரையையே தோண்டுகின்றன, பெரிய மழை வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் அறிக்கையில் எழுதுங்கள் என்றார்.

அலுவலகத்தில் சக்கர் மீனின் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பல இடங்களில் உறுதி நடுத்தரம் என்றே போட வேண்டியிருந்தது. நம் மீன்கள் குறைந்ததற்கு இதுமட்டும்தான் காரணமா? ஜிலேபிக் கெண்டை என்ற இன்னொரு வெளிநாட்டு மீன் முன்பே இருக்கிறது, தண்ணீர் கெட்டிருக்கிறது, வரத்துக் கால்வாய் அடைத்திருக்கிறது. தெரியாது என்று எழுதினேன். ஏரிக்குள் வந்த வழி என்ற இடத்தில், வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டது என்று எழுதி, உறுதி அதிகம் என்று போட்டேன்.

சார் படிவத்தைப் படித்துக்கொண்டு வந்து அங்கே நின்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் ஆதாரம் வேண்டுமே, யாராவது விட்டதைப் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார். பார்த்தவர் இல்லை, விட்டவரே உண்டு, நான்தான் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கே, எப்போது, எத்தனை என்று கேட்டார். எல்லா ஏரிகளிலும் எல்லாரிடமும் நாங்கள் கேட்கும் அதே கேள்விகள். அம்மா போனபிறகு அவள் தொட்டியிலிருந்து விட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேனா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

"தனிப்பட்ட தகவல்னு போட்டுக்கலாம். பேரு வேணாம்" என்றார். பிறகு, "அம்மா எப்ப தவறினாங்க?" என்றார். அதுவரை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னதும் அவர் எழுந்துபோய் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டுப் படிவத்தின் மிச்சத்தைப் படித்தார். டீ குடித்தேன். சர்க்கரை அதிகமாக இருந்தது.

அறிக்கை பங்குனிக் கடைசியில் போனது. சக்கர் மீனால் ஆபத்து அதிகம் என்று வந்திருந்தது. ஏற்கெனவே பரவிவிட்டதால் முழுக்க ஒழிக்க முடியாது, வலையில் வருவதைத் திரும்பத் தண்ணீரில் விடாமல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், புதிதாக விடுவதை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரை. கரையில் அறிவிப்புப் பலகை வைக்கலாம் என்றும் இருந்தது. பலகைக்குத் தமிழில் என்னை எழுதச் சொன்னார் சார். "சட்டப்படி குற்றம்" என்று தொடங்கி எழுதினதை அடித்துவிட்டு, "வீட்டில் வளர்த்த மீனை இரக்கப்பட்டு இங்கே விடாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். இரக்கம் என்ற சொல் எதற்கு என்று மேலே யாரோ கேட்டதாகக் கேள்வி. பலகை இதுவரை வரவில்லை.

என் ஒப்பந்தம் சித்திரையோடு முடிந்தது. வேறு வேலை பார்க்கிறேன். ஏரிகளோடு சம்பந்தமில்லாத வேலை. வலை போடுகிறவர் மட்டும் வாரத்துக்கொருமுறை போன் செய்கிறார். என் எண்ணை அறிக்கைக்காக வாங்கினவர், அறிக்கை முடிந்துவிட்டது என்று நான் சொல்லியும் நிறுத்தவில்லை. இந்த வாரம் இத்தனை சக்கர் எடுத்தேன், எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன் என்று எண்ணிக்கை சொல்வார். போன வாரம் ஒரு விரால் வந்ததாம். ரொம்ப நாளைக்குப் பிறகு என்றார்.

"எழுதிக்கினியாம்மா?"

"எழுதிட்டேன் அண்ணா" என்றேன். உண்மையில் அப்போதுதான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் பின்னட்டையில் தேதி போட்டு, விரால் ஒன்று என்று எழுதினேன்.