பரிமளா கட்டிக்கொள்ளாத காப்பு

எங்கள் திரௌபதி அம்மன் கோயில் தெருவுக்கு ஆரணியில் அப்போது வேறு பேர். "குப்பைமேடு" என்றால்தான் ஆட்டோக்காரனுக்கே தெரியும். கோயில் திடலில் ஊர்க் குப்பையெல்லாம் கிடந்தது. திருவிழா நின்று பல வருடமாகியிருந்தது. அதைத் திரும்ப நடத்த வைத்தவள் பரிமளா. கோயிலுக்கு எதிரே வாடகை வீட்டில் இட்லி சுட்டு விற்றவள். வாய் கொஞ்சம் நீளம். "சாமி குப்பையில குந்திகினு கீது, நீங்க டிவி பாத்துகினு கீறீங்களே, வெக்கமா இல்ல?" என்று வீடுவீடாகப் போய்க் கிழித்தாள். மண்வெட்டியோடு முதலில் இறங்கியதும் அவள்தான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! பாரதக் கூத்துக்குத் தேவிகாபுரம், சேத்துப்பட்டிலிருந்தெல்லாம் சனம் வந்தது. கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் நகராட்சிக்குக் கண் திறந்தது. விளக்கு போட்டார்கள், சாக்கடையை மூடினார்கள், சிமெண்டு ரோடு போட்டார்கள். ரோடு வந்ததும் கடைகள் வந்தன, வாடகை ஏறியது. பரிமளா இருந்த வீட்டின் ஓனர் பன்னீர்செல்வம், "உன்னாலதாம்மா தெருவுக்கே மவுசு" என்று கும்பிடு போட்டுவிட்டு, செல்போன் கடை வைக்க வேண்டும், காலி பண்ணு என்றார். பாவி மனுஷன்! அவள் வசதிக்கு இங்கே வேறு வீடு கிடைக்கவில்லை. கண்ணமங்கலத்துக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம் காப்புக் கட்டும் நாளில் மஞ்சள் சேலையோடு பஸ் ஏறி வந்து வரிசையில் நின்றாள். காப்புக் கட்டினால்தான் தீ மிதிக்க முடியும்; அவள் ஒரு வருடமும் தீ மிதிக்காமல் இருந்ததில்லை. ஆனால் கட்டியவர்கள் விழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பூசாரி காத்தவராயன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ராவுல படுக்க இங்க எடம் கீதா பரிமளா?"

அவள் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மாடி அறைவரைக்கும் கடைக்கு விட்டிருந்த சனம், முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் வீட்டில் மருமகள் பிள்ளை பெற்ற தீட்டு. நான் கோயிலுக்கு வெளியே நின்றிருந்தேன். காப்புக் கட்டியவளை எப்படிக் கூப்பிடுவேன்?

நீட்டிய கையை அவளே இழுத்துக்கொண்டாள். "வேணாம் பூசாரி. கட்டிகினு வெளியூர் போனா அம்மனுக்கு ஆவாது. அடுத்தவங்களுக்குக் கட்டுங்க."

அடுத்து நின்றவள் பன்னீர்செல்வத்தின் மருமகள்.

வெளியே வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். "ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போடி" என்றேன்.

"பஸ்ஸு பூடும்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தீமிதி அன்றைக்கு அவள் வரவில்லை.