முடிஞ்சுருச்சு அண்ணாச்சி

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் குரலைத்தான் கேட்டேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் நின்று யாரோ, "இங்கன கப்பல்ல வேலை பாக்குற தம்பி வீடு எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரல் எனக்கு மாதக்கணக்கில் பழக்கம். முகத்தை மட்டும் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து போய்க் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைக்குப் பின்பக்கம் வழி இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

டீ மாஸ்டர் அதற்குள் என்னைக் கை காட்டிவிட்டார். மில்லில் வேலை பார்க்கிறவன் என்று கேட்டிருந்தால் தெருவையே காட்டியிருப்பார். கப்பல் என்றால் எங்கள் பக்கம் நான் ஒருத்தன்தான். தப்பிக்கவா முடியும்?

என் வேலையை ஊரில் யாருக்கும் ஒழுங்காக விளங்க வைத்ததில்லை. மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடலில் என்ன சோலி என்பார்கள். தெற்குக் கடலில், யாரும் சரியாகத் துழாவிப் பார்க்காத ஒரு வண்டல் படுகை இருக்கிறது. அதற்கடியில் எண்ணெயோ கேஸோ கிடக்குமா என்று பார்ப்பதற்காக ஓடும் கப்பல் எங்களுடையது. துளை போடுவதெல்லாம் பிறகு. கப்பல் தண்ணீருக்குள் காற்றைப் படார் படார் என்று வெடித்துக்கொண்டே போகும். அந்தச் சத்தம் கடலடி மண் அடுக்குகளில் மோதித் திரும்பி வரும். அதைக் கேட்பதற்குப் பின்னால் கேபிள்களை இழுத்துக்கொண்டு போவோம். எம்புட்டு நீளம் என்றால், ஒரு நுனியை ராஜபாளையத்தில் கட்டினால் மறுநுனி வில்லிபுத்தூரை எட்டிப் பார்க்கும். அதில் மீனவர் வலை சிக்கக் கூடாது. கருவிகளைப் பழுது பார்க்கப் போன என்னை, தமிழ் தெரிந்தவன் என்று வயர்லெஸ் முன்னால் உட்கார வைத்து, "உன் ஆட்களிடம் நீயே பேசு" என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விலகிப் போங்கள் என்று மட்டும் சொல்லத் தெரியாது. "வில்லிபுத்தூர்த் தேர் திரும்புறதப் பாத்திருக்கியளா அண்ணாச்சி? இந்தக் கப்பலும் அப்படித்தான், நினைச்ச நேரத்துக்குத் திரும்பாது. நீங்கதான் செத்த நேரம் ஒதுங்கணும்" என்பேன். மற்ற மீன்பிடி வள்ளத்துக்காரர்கள் கோபமாக ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். டீக்கடை வாசலில் கேட்ட அந்தக் குரலுக்காரர் மட்டும் சிரிப்பார். "தேரு இழுக்க ஆளு வேணும்னா சொல்லுங்க தம்பி, நாங்க நாலு வள்ளம் வாரோம்" என்பார். அவர் ஊர் வள்ளங்களுக்கெல்லாம் அவர் சொன்னால்தான் பேச்சு. நான் சொல்வதை அவர் வாங்கி மற்றவர்களுக்குச் சொல்வார். தினமும் சாயந்திரம் அவர் குரலுக்காக நான் காத்திருக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்க ராஜபாளையத்துக்கு வாங்க, வில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கித் தாரேன்" என்று வேறு சொல்லி வைத்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெடவில்லை, அதை நம்பினவர் கெட்டார்.

வடக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டம் முடிந்த அன்றைக்கு அவர் கேட்டார். "தம்பி, மீன் அந்தப் பக்கந்தான் கிடக்கு. நாங்க வலை போடலாமா?"

"முடிஞ்சுருச்சு அண்ணாச்சி. தைரியமாப் போடுங்க. இனி அங்கிட்டு வர மாட்டோம்."

நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் தொழிலில் முடிந்தது என்பது முடிந்ததே இல்லை. நீரோட்டம் கேபிளை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். அப்போது சுவருக்கு வெள்ளையடிக்கையில் விட்டுப்போன திட்டு மாதிரி நடுநடுவே இடம் விட்டுப்போகும். கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வந்து அந்தத் திட்டுகள் மேல் கப்பலை ஓட்ட வேண்டும். கப்பலில் பாத்திரம் கழுவுகிறவருக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான். வந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்.

கப்பல் திரும்பியது. நான் வயர்லெஸ்ஸில் தொண்டை கிழியக் கத்தினேன். வலைகளை இழுத்து முடிப்பதற்குள் கேபிள் வந்துவிட்டது. அந்த ஊர் வலைகள் கந்தலாகிப் போயின. எச்சரித்த பகுதிக்குள் வள்ளங்கள் வந்ததாக ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். "நீ எதையும் ஒப்புக்கொள்ளாதே" என்று எனக்கும் சொல்லிவிட்டார்கள். நானும் பேசாமல் விடுமுறைக்கு ஊர் வந்து சேர்ந்தேன்.

இப்போது அவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிட ஒல்லி, வயசும் கூட. கையில் ஒரு பை நிறையக் கருவாடு. திட்டுவதற்கு வந்த மனிதர் கருவாடா கொண்டு வருவார்?

"வலை போனது போகட்டும் தம்பி. அது கடலுக்குப் போனா நடக்குறதுதான்" என்றார். "ஊர்ல வேற மாதிரி பேசுதாங்க. நான் கப்பல்காரங்கிட்ட கைநீட்டி வாங்கிட்டு எல்லாரையும் அங்க வலை போட வச்சேங்காங்க. வார ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊர்க் கமிட்டி கூடுது. என்னையத் தொழிலுக்குப் போக விடக்கூடாதுன்னு முடிவெடுக்கப் போறாங்க. நீங்க வந்து, நாந்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க குரல எல்லாருக்கும் தெரியும்."

வேலை போய்விடுமே என்பது ஒரு பக்கம். ஊர் நடுவில் நின்று அத்தனை முகங்களையும் பார்க்க வேண்டுமே என்பது இன்னொரு பக்கம். சமையல்கட்டில் இருந்து என் மனைவி வந்துவிட்டாள்.

"அவுக வருவாக அண்ணே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பேசுன நாக்கு உங்களது. இவுக எதுக்குத் தலை குனியணும்?" என்றாள்.

"வாரேன் அண்ணாச்சி" என்றேன். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! அந்த நிமிஷம் நானும் அதை நம்பினேன்.

வில்லிபுத்தூர் வரை கூடவே போய் வழியனுப்பினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெரிய மனுஷன் மாதிரி, சூடாகப் பால்கோவா வாங்கி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்களே கொண்டாங்க தம்பி. பேத்தி கையில நீங்களே குடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

சனிக்கிழமை ஆபீஸில் இருந்து போன் வந்தது. விட்டுப்போன திட்டு இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம், உடனே கிளம்பி வா என்றார்கள். ஒரு நாள் தவணை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பால்கோவாப் பொட்டலத்தை எடுத்து வைக்கப் போன மனைவியிடம், "இப்ப எதுக்கு அது?" என்று எரிந்து விழுந்தேன். அந்த மனிதர் கொடுத்துப் போன நம்பரை மட்டும் என் சட்டைப்பையில் திணித்தாள்.

மறுநாள் காலையில் துறைமுகத்துக்குப் போகிற வண்டி அவர் ஊருக்குத் திரும்பும் விலக்கைத் தாண்டித்தான் போனது. பூசை முடிகிற நேரம். நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் நீளம் என்றேனே, அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை. அடச்சீ என்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

கப்பல் ஏறினேன். அன்றைக்குச் சாயந்திரமே, எல்லா வள்ளங்களும் கேட்கும் பொதுச் சேனலில் மைக்கைப் பிடித்தேன். "வடக்குப் பக்கம் வலை போடச் சொன்னது நாந்தான். திரும்ப வருவோம்னு தெரிஞ்சும் சொல்லாம விட்டேன். அந்த அண்ணாச்சி யாருகிட்டயும் எதுவும் வாங்கல. தப்பு என்னோடது." பிறகு ஏதோ ஒரு வள்ளத்தில் இருந்து, "இத காலைல வந்து சொல்றதுக்கென்னவே?" என்று ஒரு குரல் வந்தது.

என்ன பேசினாய் என்று கேப்டன் கேட்டார். கடல் எப்படி இருக்கிறதென்று சொன்னேன் என்றேன். கப்பலில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஆபீஸுக்கும் போகாது, வேலைக்கும் ஆபத்தில்லை. புரியாத ஆட்கள் நடுவில் நின்று காட்டிய வீரம்! தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

அடுத்த விடுமுறையில் வில்லிபுத்தூர்ப் பஸ் ஸ்டாண்டில், அதே கடையில் பால்கோவா வாங்கிக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை போயே தீருவது என்று கிளம்பியிருந்தேன். போகும் முன் சொல்லிவிடலாம் என்று அவருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் சிரித்தார். அதே சிரிப்பு.

"நீங்க பேசுனத எல்லா வள்ளத்துலயும் கேட்டாங்க தம்பி. அன்னைக்குக் காலைல தடை போட்டவங்க அடுத்த கூட்டத்துல அத எடுத்துட்டாங்க. தொழிலுக்குப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"கோயில் வாசல்லயே நின்னேன். வார பஸ்ஸையெல்லாம் பாத்தேன். பேத்தியும் கூட நின்னுச்சு" என்றார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அப்புறம் கேட்டார், "இனி அந்தப் பக்கம் கப்பல் வராதுல்லா?"

அந்தப் படுகையில் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. துளை போடப் போகிறார்கள்.

"வரும் அண்ணாச்சி. இதவிடப் பெருசு. வந்தா ஒரே இடத்துல மாசக்கணக்கா நிக்கும். அதுகிட்ட நீங்க வரக்கூடாதும்பாங்க."

"அப்பம் வயர்லெஸ்ல யாரு பேசுவா?" என்றார்.

"நாந்தான்."

"நீங்கன்னா சரி தம்பி. நீங்க சொன்னா நாங்க கேட்டுக்கிடுவோம்."